மலைப்பனியில் உப்பு இல்லை

எண்ணூர் விரைவுச் சாலையில் என்னோடு காலை நடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். தலையில் கவசம், உடம்போடு ஒட்டிய சட்டை, கண்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாகக் குனிந்தபடியே பறக்கும் சைக்கிள்கள். "இதுங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்று நம்மில் ஒருவர் நாள் தவறாமல் கேட்பார். மற்றவர்கள் சிரிப்பீர்கள். நான் மட்டும் கடல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். உண்மையை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பையன்களில் ஒருவன் என் பேரன். போன மாதம் அவன் ஏதோ மலைக்கு சைக்கிளில் போகிறேன் என்று வாசலில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று ஒரு வட்டத்தகடு. அழகாக இருக்கிறதே என்று விரலை வைத்தேன்.

"தாத்தா, அத்த தொடாத! கையில கீற எண்ணெய் பட்டாலே பிரேக்கு புடிக்காது."

நான் கையை எடுத்த வேகத்தைப் பார்த்து அவனே பயந்துவிட்டான். பன்னிரண்டு வயதில் இதே வார்த்தையை வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்டும் தொட்டேன்.

நீங்களும் இந்தக் கரையில் பிறந்தவர்கள்தான். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு வெளியே விட்ட சைக்கிள் காலையில் காவி பூத்து நிற்கும். காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் எண்ணெய் நாள். நைனா படகுப் பலகைக்கு மீன் எண்ணெய் பூசுவார். மிச்சம் எங்கள் கைக்கு வரும். கதவுக் கீல், அரிவாள்மனை, சைக்கிள் என்று இரும்பாக இருப்பதெல்லாம் அன்று குளிக்கும். சைக்கிளில் இந்த இடம், அந்த இடம் என்று பார்ப்பதில்லை. செயின், கம்பி, ரிம் எல்லாவற்றுக்கும் ஒரே துணி. பிரேக் வழுக்காதா என்றால், எங்கள் தெருக்களில் பிரேக்கை யார் பிடித்தார்கள்? கடற்கரை மண்ணில் மிதிப்பதை விட்டால் வண்டி தானே நிற்கும். நிற்காவிட்டால் காலை ஊன்றுவோம். மேடு பள்ளம் இல்லாத ஊர்க்காரனுக்கு பிரேக் ஓர் அலங்காரம்.

அந்தச் சைக்கிள்களில் ஊரறிந்தது மாமாவுடையது. என் அம்மாவின் கடைசித் தம்பி. கழிமுகத்தில் பிடித்த இறாலைக் கூடையோடு பின்னால் கட்டிக்கொண்டு விடியுமுன் ராயபுரம் வரை மிதிப்பார். எதிர்க்காற்றில் லாரிகளே முனகிக்கொண்டு போகும் சாலையில் இவர் விசிலடித்துக்கொண்டு போவார். என் அக்காவுக்கு அவர்தான் முறை மாப்பிள்ளை. அக்காவுக்கும் சம்மதம். அவர் வரும் நேரத்துக்கு மட்டும் தண்ணீர்க் குடம் காலியாகிவிடும் அவளுக்கு.

நைனாதான் குறுக்கே நின்றார். கடலுக்குப் போன இரண்டு சகோதரர்கள் திரும்பி வராததைப் பார்த்தவர். "கூட கட்டிகினு போறவனுக்கும் கடலு குட்த்தாதான் சோறு. கடல நம்பி என் பொண்ண குடுக்க மாட்டேன். கம்பெனி வேல வாங்கினு வா, பொண்ண இட்டுகினு போ" என்றார்.

அதற்கு ஒரு வழி வந்தது. நம் பக்கத்துத் தொழிற்சாலைகள் அந்தக் காலத்தில் விளையாட்டுக்காரர்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்தன. கால்பந்து, கேரம், குத்துச்சண்டை எல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்கித் தந்தவை. அப்படி ஒரு தொழிற்சாலை சைக்கிள் அணி சேர்த்தது. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்து மலையில் ஒரு போட்டி, அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறி அங்கே திரும்பிக் கீழே வர வேண்டும், முதலில் வருகிறவனுக்கு நிரந்தர வேலை என்று மாமாவிடம் சொன்னார்கள். அக்காவின் கல்யாணம் அந்த மலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

மாமா அதுவரை மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஏறிப் பழக எங்களுக்குக் கிடைத்தது பேசின் பாலத்தின் சரிவு மட்டும்தான். என்னைப் பின்னால் உட்கார வைத்து, மடியில் இரண்டு செங்கல்லையும் கொடுத்து, ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். இறங்கும்போது பிரேக்கைத் தொடமாட்டார். கீழே சமதரையில் வேகம் தானாகச் சாகும் வரை இரண்டு பேரும் கத்திக்கொண்டே போவோம். இறங்குவதையும் பழக வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

போட்டிக்கு ஏற்ற சைக்கிள் எங்களிடம் ஏது? ராயபுரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியர் ஒருவர் இருந்தார். தினமும் மாமாவிடம் இறால் வாங்குகிறவர். எல்லோருக்கும் அவர் துரை. ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைப்பிடி வைத்த தன் பழைய பந்தய சைக்கிளை அவர் கொடுத்தார். கொடுக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னிய ரிம்மைக் காட்டி என்னிடமும் மாமாவிடமும் சேர்த்தே சொன்னார்.

"செயினுக்கு எண்ணெய் போடு மேன். ரிம்முக்குக் கூடாது. எண்ணெய் பட்டா பிரேக் போச்சு."

"கேட்டுக்கினியாடா?" என்றார் மாமா. நான் தலையாட்டினேன்.

கிளம்பும் நாளில் அக்கா ஒரு பழைய மருந்து பாட்டிலில் மீன் எண்ணெய் ஊற்றி, வாயில் துணியை அடைத்து என்னிடம் கொடுத்தாள். "பிறத்தியார் வண்டிடா. ஒரு பொட்டு துரு புடிக்காம திருப்பிக் குடுக்கணும், தெரிதா?" அவளுக்கு ரிம் விஷயம் தெரியாது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். என்னைத் துணைக்கு அனுப்புகிறார்களே என்ற பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

மலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். அங்கே என்னைப் பயமுறுத்தியது உயரமல்ல, சத்தமின்மை. ஆலைச் சங்கு ஊதவில்லை, லாரி இல்லை, அலை இல்லை. காது அடைத்துவிட்டது என்று நினைத்து விரலை விட்டுக் குடைந்தேன். மாமா சிரித்தார். "காது நல்லாத்தான் கீது. இங்க கேக்கறதுக்கு ஒண்ணியும் இல்ல."

விடிந்தபோது மலையே காணவில்லை. வெள்ளையாகப் பனி இறங்கியிருந்தது. மாமா மற்றவர்களோடு தேநீர் குடிக்கப் போனார். நான் சைக்கிளைப் பார்த்தேன். துரையின் ரிம் முழுக்க முத்து முத்தாக ஈரம்.

அப்போது என் மனதில் ஓடியதை இன்றும் என்னால் வரிசை மாறாமல் சொல்ல முடியும். ஈரம் என்றால் உப்பு. உப்பு என்றால் துரு. போட்டி முடிந்து ஊர் திரும்புவதற்குள் ரிம் காவி பூத்துவிடும், அக்கா என்னைக் கேட்பாள். கடலில்லாத ஊரில் பனியும் வெறும் தண்ணீர்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? துரை சொன்னதும் நினைவில் இருந்தது. அதைத்தான் நான் மறைக்காமல் எழுத வேண்டும். நினைவில் இருந்தது. லேசாகப் பூசினால் ஒன்றும் ஆகாது, பூசியது மாமாவுக்குத் தெரியவும் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு ரிம்மிலும் பூசினேன். துணியை அரைக்கால் சட்டைப் பையில் திணித்தேன்.

ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அதிகாரிகளின் லாரியில் என்னையும் ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போனார்கள். சாலை நடுவே வெள்ளையடித்த தார் டிரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரம்மா என்னைத் தாண்டிப் போனவள் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"எந்த ஊருடா தம்பி? கடலையே பையில போட்டுத் தூக்கிட்டு வந்துட்டியா? இப்படி நாறுது!"

லாரி ஓட்டுநர் சிரித்தார். எங்கள் ஊரில் அந்த நாற்றத்தை யாராலும் தனியாகப் பிரித்துக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே, பலாவும் மூங்கிலும் ஈர இலையும் மணக்கிற இடத்தில், நான் செய்ததை மூக்கு உள்ள எவரும் கண்டுபிடித்துவிடலாம். பையை மேலிருந்தே கையால் பொத்திக்கொண்டேன்.

அந்த மௌனத்தில் சைக்கிள்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே காதுக்கு வந்தன. கீழே எங்கோ வளைவில் செயினின் கறகறப்பு. மூச்சிரைப்பு. மரங்களுக்கிடையில் மறையும், மறுபடி இன்னும் கிட்டத்தில் கேட்கும். பனியைக் கிழித்துக்கொண்டு முதலில் வெளிவந்தவர் மாமா. பின்னால் ஒருவரும் இல்லை. லாரி மேலிருந்த அதிகாரியே கை தட்டிவிட்டார்.

டிரம்மை நெருங்கும்போது மாமா இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தார். நான் பார்த்தேன். விரல்கள் வெளுத்தன. வண்டி நிற்கவில்லை. டிரம்மைத் தாண்டி வழுக்கிப்போய், காலை ஊன்றி இழுத்து, தேநீர்க் கடைப் பெஞ்சில் இடித்து நின்றது. மாமா சிரித்தார்.

"பனி ஈரம்டா. ஏறசொல்ல தெரில." மூச்சு வாங்கியது அவருக்கு. "துணி கீதா? ரிம்ம ஒரு தபா தொடச்சி வுடு, ஜல்தி!"

என் பையில் துணி இருந்தது. எண்ணெயில் ஊறிய துணி. அதை எடுத்தால் அவர் பார்ப்பார். சட்டையைக் கழற்றித் துடைத்திருக்கலாம். "மாமா, எண்ணெய் போட்டுட்டேன், போகாத" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கீழே அடுத்த சைக்கிளின் செயின் கறகறத்தது.

"துணி இல்ல மாமா" என்றேன்.

"வுடு, இறங்கசொல்ல காஞ்சிடும். உங்க அக்காவாண்ட சொல்லு, புடவ எடுக்கச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே திரும்பி மிதித்தார்.

மிதிக்காமல் உருளும் சக்கரத்தின் டிக்டிக் சத்தம் உங்களுக்குத் தெரியுமே. வேகம் கூடக்கூட அது ஒரே இரைச்சலாகிவிடும். முதல் வளைவில் அது மறைந்து, கீழே கேட்டது. இரண்டாவது வளைவில் மறைந்து, இன்னும் கீழே, இன்னும் மெல்லிசாக, இன்னும் வேகமாகக் கேட்டது. எதற்குப் பிரார்த்திக்கிறேன் என்று தெரியாமலே கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். இரண்டாவது ஆள் டிரம்மைச் சுற்றித் திரும்பிப் போனான். அவன் சத்தமும் சேர்ந்துகொண்டது. அதற்கடியில் மாமாவின் சத்தத்தைத் தேடினேன். அது இருந்தது. பிறகு இல்லை. அடுத்த வளைவுக்குக் கீழே வருமென்று காத்திருந்தேன். ஒரு குரங்குக் கூட்டம் மட்டும் அந்தப் பக்கத்து மரங்களில் கலைந்து கத்தியது.

லாரி இறங்கியபோது நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடினேன். நின்றது. உண்ணிச்செடிப் புதருக்குள், நசுங்கிய இலை நெடியில், மாமா மல்லாந்து கிடந்தார். ஒரு முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அவர் அழவில்லை. என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"வண்டிக்கு இன்னா ஆச்சி பாரு, போ. துரை வண்டிடா."

அவரைத் தூக்க எல்லோரும் அந்தப் பக்கம் ஓடியபோது, வண்டியருகில் நான் ஒருவன்தான். முன்சக்கரம் எட்டாக முறுக்கியிருந்தது. பின்சக்கரம் நன்றாக இருந்தது. நான் ஈரச் செம்மண்ணை அள்ளி அந்த ரிம்மிலும் பிரேக் ரப்பரிலும் தேய்த்தேன். சட்டையைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி மண், மறுபடி சட்டை. அக்கா கொடுத்த பாட்டிலையும் துணியையும் பள்ளத்தில் எறிந்தேன். கண்ணாடி உடையும் சத்தம் கூட வரவில்லை. டிரம் பக்கத்தில் வராத அறிவு எனக்கு அங்கே வந்துவிட்டது.

அதிகாரி நேர்மையான மனிதர். வண்டியில் குறை இருக்கிறதா என்று பார்க்க அவரே பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் டக்கென்று நின்றது.

"பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்றார். "வளைவைப் பார்த்ததும் பயத்துல கை உறைஞ்சு போச்சு போல. கடற்கரைப் பையன், மலை புதுசு. பாவம்."

மாமாவுக்கு அது கேட்டது.

கட்டுப் போட்ட காலோடு மாமாவை எங்கள் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்த நாட்களில், நைனா ஒரு நாள் வலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். அக்கா கதவுக்குப் பின்னால். நான் மாமாவின் தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்போடு.

"பிரேக்க புடிச்சியா, இல்லியா?"

"புடிச்சேன். ரெண்டு கையாலயும் புடிச்சேன்."

"வண்டிய சுத்திப் பாத்துட்டாங்கோ. பிரேக்கு ஷோக்கா கீதுன்றாங்கோ. வண்டி பொய் சொல்லுதா, நீ சொல்றியா?"

மாமா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"புடிச்சதாதான் நெனப்பு கீது" என்றார், குரல் இறங்கி.

அக்கா கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். நைனா முன்னால் அவள் அவரோடு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "மாமா, நீ சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும். புடிச்சியா?"

"தெரிலமே."

அக்கா உள்ளே போய்விட்டாள்.

"கடல்ல ஒரு நிமிசம் கை உறைஞ்சவன் கர வந்து சேரமாட்டான்" என்றார் நைனா. "வேல போனா போவுது. பயந்தவனுக்குப் பொண்ணு கிடையாது." அந்த வார்த்தையில் அவருக்கு ஆத்திரம்கூட இல்லை. கரை சேராத தன் சகோதரர்களை நினைத்துத்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. என் கையில் சொம்பு தளும்பி மாமாவின் தலையணை நனைந்தது. "பாத்துடா" என்றார் மாமா. அவ்வளவுதான்.

அக்காவை அரக்கோணத்தில் கொடுத்தார்கள். நல்ல மனிதர், நல்ல குடும்பம். மாமாவும் பிறகு கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தார்கள். மடங்காத காலோடு ஐஸ் தொழிற்சாலையில் காவலுக்கு இருந்தார். சைக்கிளைத் தொடவில்லை. கல்யாணத்திலும் சாவிலும் அக்காவும் அவரும் ஒரே பந்தலில் இருப்பார்கள். இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. நான் படித்தேன், ஆசிரியரானேன். பொய் சொல்லாதே என்று எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சுமேல் நிற்க வைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே கூசுகிறது.

பேரன் மலைக்குக் கிளம்பிப் போன ஞாயிற்றுக்கிழமை காத்திவாக்கத்துக்கு நடந்தே போனேன். மாமாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. மகன் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், அந்தக் காலை ஒரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வா வாத்யாரே. இன்னா, மூஞ்சி பேஜாராக் கீது?"

உட்காராமல் சொன்னேன். பனி, பாட்டில், பையில் இருந்த துணி, செம்மண், சட்டை. ஒன்றையும் விடவில்லை. மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இன்னா எண்ணெய்?" என்றார்.

"மீன் எண்ணெய் மாமா."

"ரெண்டு ரிம்முலயுமா?"

"ரெண்டுலயும்."

நாற்காலிக் கையிலிருந்து தன் இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கினார். காற்றில் எதையோ பற்றுவதுபோல விரல்களை மடக்கினார். மடக்கிய விரல்கள் வெளுக்கும் வரை அழுத்தினார், அப்படியே வைத்திருந்தார்.

"அப்ப நான் புடிச்சித்தான் கீறேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

அறைவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஊர் அவரைத் தப்பாக நினைத்தது என்றுதான் நான் வருந்திக்கொண்டிருந்தேன். தன்னைப் பற்றி அவரே அதை நம்பிக்கொண்டு வாழ்ந்தார் என்பது அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"உங்க அக்காவுக்கு போன் போடு."

"நான் நேர்ல போய்ச் சொல்றேன் மாமா. காலையில மொத ரயிலுக்கே..."

"நீ இன்னாத்த சொல்லப் போற? போடுடா."

போட்டேன். அக்காவுக்கும் வயதாகிவிட்டது, எடுக்க நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "இன்னாடா, இந்நேரத்துல?" என்று அவள் குரல் வந்ததும் மாமா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான்தான்மே" என்றார்.

நாற்காலியில் முன்னால் நகர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் பிரேக்க புடிச்சேன்மே."

அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். வாசலில் வெயிலில் நின்றேன். அந்த ஃபோனில் சார்ஜ் குறைவாக இருந்தது. அது தீர்ந்துவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தோடு, உள்ளேயிருந்து வரும் குரல் நிற்கிறதா என்று காதைக் கொடுத்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.